பழைய சான்ட்ரோவுக்கு எந்த ஹெட்லைட் பல்பு போடலாம்?

கேள்வி இது: 2004 மாடல் சான்ட்ரோ ஜிங், வீடு மேடவாக்கம். வாரக்கடைசியில் ஈசிஆர் வழியாக மாமல்லபுரம், புதுச்சேரி என்று போய் ராத்திரி திரும்பும்போது ரோடு சரியாகத் தெரிவதில்லை. பல்பை மாற்றியும் பெரிதாக வித்தியாசம் இல்லை. ஒரு கடையில் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் எல்இடி போட்டால் பட்டப்பகல் மாதிரி இருக்கும் என்கிறார்கள். எதை வாங்குவது, வாங்கியதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

நல்ல கம்பெனியின் சாதாரண எச்4 (ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒரே பல்பில் வரும் ஹாலஜன் வகை), 12 வோல்ட், 60/55 வாட் பல்பு ஒரு ஜோடி வாங்குங்கள். எல்இடிக்கு ஒதுக்கிவைத்த பணத்தை வயரிங்கிலும் ஹெட்லைட்டின் முன் கண்ணாடியிலும் போடுங்கள். இருபது வருஷம் ஓடிய காரில் வெளிச்சம் மங்கினால் அதற்குப் பல்பு காரணமாக இருப்பது குறைவு. புதுப் பல்பு போட்டும் மாறவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பாதிப் பதில் அதிலேயே வந்துவிட்டது.

அந்தப் பல்பையே முதலில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், கண்ணாடியில் விரல் படாமல். உள்ளே இரண்டு இழை இருக்கும். 60 வாட் இழை ஹை பீமுக்கு, 55 வாட் இழை லோ பீமுக்கு. லோ பீம் இழைக்கு அடியில் மட்டும் வளைந்த சின்னத் தகடு ஒன்று தெரியும். அந்த இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. மேல்பாதியில் மட்டும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழ்நோக்கி ரோட்டில் விழும், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காது. இழை எந்த இடத்தில் இருக்கிறது, தகட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதெல்லாம் மில்லிமீட்டருக்கும் கீழே போகும் கணக்கு. ரிஃப்ளெக்டரின் வளைவை அந்தக் கணக்குக்கு ஏற்றபடிதான் செய்திருக்கிறார்கள். கடைக்காரர் சொல்லும் ஒவ்வொன்றையும் இதை வைத்து எடைபோடலாம்.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் டிராபிக் போலீஸ் வண்டியை நிறுத்தி ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வண்டியில் இன்னும் அது ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கண் கூசுவதைத் தடுக்கும் வேலையைப் பல்புக்குள் இருக்கும் தகடு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. ஸ்டிக்கர் நமக்கு வேண்டிய வெளிச்சத்தையும் சேர்த்து மறைக்கும். பிளாஸ்டிக் கண்ணாடியில் அந்த இடம் மட்டும் சூடேறித் தழும்பு விழுவதும் உண்டு.

இப்போது வோல்டேஜ். இதில் கொஞ்சம் நேரம் செலவிடுவோம், ஏனென்றால் உங்கள் பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். எச்4 பல்பின் வெளிச்சத்தை 13.2 வோல்ட்டில் வைத்துத்தான் அளக்கிறார்கள். அந்த வோல்டேஜில் ஹை பீம் சுமார் 1650 லூமன், லோ பீம் சுமார் 1000 லூமன். ஆனால் ஹாலஜன் பல்பில் வோல்டேஜும் வெளிச்சமும் ஒரே விகிதத்தில் இறங்குவதில்லை. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். பல்பின் காலில் 12 வோல்ட் மட்டும் கிடைத்தால் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். 11 வோல்ட்டுக்கு இறங்கினால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும், நிறமும் செம்மஞ்சளாக மாறிவிடும். பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும்போதே பல்புக்கு 12 மட்டும் போய்ச் சேரும் பழைய கார்கள் சென்னையில் ஏராளம்.

நடுவில் இருக்கும் 2 வோல்ட் எங்கே போகிறது? கரன்ட் போகும் வழியில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்சில் கருகிப்போன காண்டாக்ட், ஃபியூஸ் பாக்ஸில் தளர்ந்த பின், பல்புக்குப் பின்னால் பழுப்பேறி இளகிப்போன கப்ளர் (வயரைப் பல்போடு இணைக்கும் செருகி), கடைசியாக எர்த். கடல்காற்று படும் ஊரில் முதலில் கெடுவது எர்த்தான். பாலவாக்கம், நீலாங்கரை, பெசன்ட் நகர்ப் பக்கம் வெளியில் நிறுத்தும் வண்டிகளில் பானெட்டைத் திறந்து, ஹெட்லைட்டிலிருந்து வரும் கறுப்பு வயர் பாடியில் போல்ட் ஆகும் இடத்தைப் பாருங்கள். போல்ட் தலை துருப்பிடித்திருக்கும், வளையத்தைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கும். பெயிண்டுக்கும் துருவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்த வளையம் வழியாகத்தான் இரண்டு பல்பின் கரன்டும் திரும்பிப் போகவேண்டும்.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இன்ஜின் ஓடட்டும், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து வைக்க ஒருவர் உட்காரட்டும், லோ பீமைப் போடுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். அடுத்து பல்பின் கப்ளருக்குப் பின்னாலிருந்து மீட்டரின் முனையை நுழைத்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்கவேண்டும். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் முழு வோல்டேஜையும் காட்டி ஏமாற்றும், ஏனென்றால் கரன்ட் ஓடாதபோது கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பு மாதிரிதான் தெரியும். பேட்டரிக்கும் பல்புக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வயரிங்கில் வேலை இருக்கிறது. எந்தப் பக்கத்தில் என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் எர்த் காலிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். சுழியத்தை ஒட்டி இருக்கவேண்டும். 0.3, 0.4 என்று காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை, செலவு இல்லை. பல பேருக்கு இதோடு கதை முடிந்துவிடும்.

அப்படியும் பாசிட்டிவ் பக்கத்தில் வித்தியாசம் மிஞ்சினால் ரிலே கிட் போடுங்கள். ரிலே என்பது சின்னக் கரன்டை வைத்துப் பெரிய கரன்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். அது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பேட்டரியிலிருந்து தடிமனான வயர் ஒன்று (2.5 சதுர மில்லிமீட்டர் தாராளம்), பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், லோ பீமுக்கு ஒன்றும் ஹை பீமுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே. பழைய வயரிங் ரிலேயைத் தட்டிவிடும் சின்ன வேலையை மட்டும் பார்க்கும், பல்புக்கான கரன்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போகும். ரிலேயில் 30 என்று எழுதிய கால் பேட்டரிக்கு, 87 பல்புக்கு, 85, 86 இரண்டும் காயிலுக்கு. எச்4 கப்ளரோடு தயாராகக் கோத்த கிட்டாகவே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். பழைய ஹோல்டரை மாற்றும்போது பீங்கான் ஹோல்டராகக் கேட்டு வாங்குங்கள், பிளாஸ்டிக் மாதிரி இளகாது.

ஒரு எச்சரிக்கை. சில ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் ஹெட்லைட் ஸ்விட்ச் நெகட்டிவ் பக்கத்தில் இருக்கும். பல்புக்குப் பாசிட்டிவ் எப்போதும் போய்க்கொண்டிருக்கும், ஸ்விட்ச் எர்த்தைத்தான் கொடுக்கும். அந்த மாதிரி வண்டியில் கடையில் விற்கும் சாதாரணக் கிட்டை அப்படியே செருகினால் வேலை செய்யாது, இல்லையென்றால் ஹை பீம் இண்டிகேட்டர் விளக்கு தாறுமாறாக எரியும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டே கிட் வாங்குங்கள். உங்களுக்கு வயரிங் பழக்கம் இல்லையென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஆனால் கழற்றிய கரன்ட் வயரை இன்னொன்றோடு முறுக்கி டேப் சுற்றித் தருகிறவரிடம் வேண்டாம். கிரிம்ப் பண்ணி, ஸ்லீவ் போட்டு, கிரில்லில் உரசாமல் கட்டித் தருகிறவராகப் பாருங்கள்.

அப்படியானால் 100/90? வயரிங்கே 55 வாட்டுக்குத் திணறும் வண்டியில் 90 வாட் பல்பை மாட்டினால் கரன்ட் கூடும், கரன்ட் கூடினால் வழியில் விழும் வோல்டேஜும் கூடும். கொடுத்த காசில் பாதி வயரைச் சூடாக்கத்தான் போகும். ஹை பீமில் ஒரு பல்புக்கு 8 ஆம்பியருக்கு மேல், இரண்டுக்கும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி ஸ்விட்சும் கப்ளரும் அதற்காகச் செய்தவை இல்லை. இளகிய கப்ளரோடு வரும் பழைய வண்டிகளில் முன்பு யாரோ ஒருவர் 100/90 போட்டிருப்பார், விசாரித்தால் தெரியும். ரிலே போட்டுவிட்டால் வயர் தாங்கும், சரி. ஆனால் அந்தச் சூட்டை ரிஃப்ளெக்டரும் முன் கண்ணாடியும் தாங்கவேண்டும். உங்கள் வண்டியில் முன்னால் இருப்பது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு பல்புக்கு மேலே வட்டமாகப் பழுத்துப்போகும். அப்புறம் எந்தப் பல்பு போட்டாலும் வெளிச்சம் வராது. அந்த மாதிரிப் பெட்டியில் ‘ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைக் கடையில் யாரும் படித்துக் காட்டமாட்டார்கள்.

எல்இடி விஷயத்தில் என் கருத்து இன்னும் கறாரானது. கம்பெனியே எல்இடி ஹெட்லைட் கொடுத்திருக்கும் புது வண்டிகளைப் பற்றிப் பேசவில்லை, அதில் ரிஃப்ளெக்டரோ புரொஜெக்டரோ எல்இடிக்காகவே செய்தது. எச்4 ஹோல்டரில் செருகும் எல்இடி பல்பு வேறு கதை. இழை சுற்றிலும் வெளிச்சம் தரும், எல்இடி சில்லு தட்டையாக இருபக்கம் மட்டும் தரும். நடுவில் ஒரு பலகை, அதன் இருபுறமும் சில்லு என்பதால் வெளிச்சம் பிறக்கும் இடமே இழை இருந்த இடத்திலிருந்து தள்ளிப்போகிறது. வண்டிக்கு முன்னால் பத்து அடியில் வெள்ளையாகக் கொட்டும், பார்க்கிறவருக்குப் பிரமாதமாக இருக்கும். ஆனால் கிட்டத்தில் அவ்வளவு வெளிச்சம் விழுந்தால் கண்மணி சுருங்கிவிடும். தூரத்தில் நிற்கும் மாடோ, விளக்கில்லாத டிராக்டரோ முன்பைவிட லேட்டாகத்தான் தெரியும். மேலே சிதறுகிற பாக்கி வெளிச்சம் எதிரே வருகிற பைக்காரர் முகத்தில் அடிக்கும். ஈசிஆரில் ராத்திரி நீங்கள் திட்டுகிற வண்டிகளில் நிறைய இந்த வகைதான்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி எதிரே இருப்பவர் கண் கூசாதபடி வெளிச்சம் கீழே இறங்கியிருக்கவேண்டும் என்கிறது. ஜெர்மனியில் சில கம்பெனிகளின் எல்இடி மாற்றுப் பல்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், அதுவும் குறிப்பிட்ட கார், குறிப்பிட்ட ஹெட்லைட் என்று தனித்தனியாகச் சோதித்துப் பட்டியல் போட்டு. நம் சான்ட்ரோவுக்கு அப்படி யாரும் சோதித்துத் தரவில்லை. உங்கள் வண்டிக்கு 15 வருஷம் தாண்டிவிட்டது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓவில் காட்டியாகவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றைக்கு மட்டும் பழைய பல்பைத் தேடி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தச் சிரமம் எதற்கு?

நீலப் பூச்சுப் பல்புகளும் வேண்டாம். இழை தருகிற வெளிச்சத்தில் மஞ்சளை வடிகட்டினால்தான் நீல வெள்ளை வரும், வடிகட்டியது போக மிஞ்சுவது குறைவு. ஐப்பசி மழையில் நனைந்த தார் ரோட்டில் அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்றே தெரியாது. 3200 கெல்வின் பக்கத்தில் இருக்கும் சாதாரண ஹாலஜன் மஞ்சள்தான் மழைக்கு லாயக்கு.

100 சதவீதம் கூடுதல், 130 சதவீதம் கூடுதல் என்று வருகிற பிலிப்ஸ், ஓஸ்ரம் பல்புகள் உண்டு. அவை மோசடி இல்லை. வாட் அதேதான், இழையை நெருக்கமாகச் சுற்றிக் கூடுதல் சூட்டில் எரிய வைப்பார்கள். ரோட்டின் சில பகுதிகளில் வெளிச்சம் உண்மையிலேயே கூடும், ஆயுள் அதற்கேற்பக் குறையும். நெடுந்தூரம் ராத்திரியில் அடிக்கடி ஓட்டுகிறவர், மாற்றிக்கொண்டே இருக்கத் தயார் என்றால் வாங்கலாம். உங்கள் ஓட்டத்துக்குச் சாதாரணப் பல்போ, 30 சதவீதம் என்று போட்டதோ போதும். ‘லாங் லைஃப்’ வகை இதற்கு நேரெதிர், அதிக நாள் உழைக்கும், வெளிச்சம் ஒரு படி குறைவு. டாக்சிக்காரர்களுக்கு அது சரி.

கடையில் நின்று என்ன பார்ப்பது? அடித்தட்டில் எச்4, 12 வோல்ட், 60/55 வாட் என்று பொறித்திருக்கவேண்டும், வட்டத்துக்குள் ‘ஈ’ முத்திரையும் ஒரு எண்ணும் இருந்தால் ஐரோப்பிய அங்கீகாரம் பெற்றது. லாரிக்கு வருகிற 24 வோல்ட், 75/70 வாட் எச்4 பல்பும் பார்க்க இதே மாதிரிதான், காரில் மாட்டினால் மங்கலாகச் சிவந்து எரியும். பைக்குக்கு வருகிற எச்எஸ்1, 35/35 வாட் பல்பும் தூரத்துச் சொந்தம் மாதிரி அதே ஜாடையில் இருக்கும். கூட்டமான நேரத்தில் மாறிவந்துவிடும், எழுத்தை வாசித்துவிட்டே காசு கொடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இரண்டு இழையும் நேராக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். கோணலாக இருந்தால் அது போலி, அல்லது கழிவு. கையில் பழைய பல்பைக் கொண்டுபோவது எப்போதும் நல்லது. நம் ஊர் புல்லட்டுக்கும் பல மாடல்களில் இதே எச்4 60/55 பல்புதான் என்பதால், ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு ஊரில் பல்பு போனால் பைக் ஸ்பேர்ஸ் கடையில் கேட்டுப் பாருங்கள், கிடைத்துவிடும்.

மாட்டுவது சுலபம். கப்ளரைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்கவேண்டாம். பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை உரியுங்கள். ஸ்பிரிங் கிளிப்பை அமுக்கி ஒதுக்கினால் பல்பு வெளியே வரும். புதியதில் மூன்று காது இருக்கும், ஒரே ஒரு நிலையில்தான் ஒழுங்காக உட்காரும், அகலமான காது மேலே வரவேண்டும். உட்கார்ந்த பிறகு கிளிப் இறுக்கமாக விழுந்ததா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் சூடான இழை குலுங்கும், சீக்கிரம் அறுந்துபோகும். ரப்பர் மூடியில் மேல் என்று குறித்த பக்கம் மேலேயே வரட்டும். கிழிந்திருந்தால் மாற்றுங்கள், அது இல்லாமல் விட்டால் புழுதியும் ஈரமும் நேராக ரிஃப்ளெக்டருக்குப் போகும். எல்இடி ஃபேனுக்கு இடம் வேண்டும் என்று இந்த ரப்பரை வெட்டித் தூக்கிப்போட்ட வண்டிகளை ஊரெல்லாம் பார்க்கலாம்.

பல்பின் கண்ணாடியை ஏன் தொடக்கூடாது? அது குவார்ட்ஸ், எரியும்போது பல நூறு டிகிரி சூடாகும். நம் விரலில் இருக்கும் உப்பும் எண்ணெயும் அந்தச் சூட்டில் குவார்ட்ஸோடு வினைபுரிந்து வெள்ளையாகப் படிகமாகும், அந்த இடம் பலவீனப்பட்டுப் பல்பு ஆயுள் முடியும் முன்பே போகும். சென்னை வெயிலில் வியர்த்த கையோடு வேலை பார்க்கும்போது இது இன்னும் கவனிக்கவேண்டியது. அட்டைப்பெட்டியோடு பிடியுங்கள், அல்லது சுத்தமான துணியோடு. தவறிப்போய்த் தொட்டுவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். அப்புறம், இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்று போனால் அதே வயதுள்ள இன்னொன்றும் பின்னாலேயே வரும்.

பல்பு அடிக்கடி போகிறதென்றால் பல்பைக் குறை சொல்லும் முன்பு பேட்டரியில் வோல்டேஜைப் பாருங்கள். 14.8-க்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரில் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஹாலஜன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். போன பல்பைத் தூக்கி எறியும் முன்பு உள்ளே பாருங்கள்: இழை மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் வயதாகிப் போனது, உள்ளே வெள்ளைப் புகை படிந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் லோ பீம் ஒரே நேரத்தில் அணைந்தால் பல்பு வாங்க ஓடாதீர்கள், ஃபியூஸும் ஸ்விட்சும்தான் முதல் சந்தேகம். ஒரு பக்கம் மட்டும் என்றால் இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே இடம் மாறினால் பல்பு, மாறாவிட்டால் வயர்.

வோல்டேஜ் சரி, பல்பு சரி, இன்னும் மங்கல் என்றால் முன் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். இருபது வருஷம் வெயிலில் நின்ற பாலிகார்பனேட்டின் மேல் பூச்சு உதிர்ந்து, மஞ்சளித்து, பால் படிந்த மாதிரி ஆகிவிடும். பற்பசையில் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்பது உண்மைதான், சில வாரத்தில் பழையபடி ஆகும் என்பதும் உண்மை. ஒழுங்காகச் செய்யவேண்டுமென்றால் சுற்றியுள்ள பெயிண்டில் டேப் ஒட்டி, 1000, 2000, 3000 என்று படிப்படியாகத் தண்ணீர் உப்புத்தாளால் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றி, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்கவேண்டும். அந்தக் கடைசிப் பூச்சைத்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் ஒரு கோடைக்கு மேல் தாங்காது. உள்பக்கம் ரிஃப்ளெக்டரை மட்டும் துணி விட்டுத் துடைக்கவே கூடாது, அந்த அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, தூசியோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். பூச்சு உரிந்திருந்தால் முழு ஹெட்லைட்டையும் மாற்றுவதே வழி. இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, ஊரெல்லாம் ஓடியது, ஸ்பேர் கிடைப்பதில் சிரமம் இருக்காது. கம்பெனி ஹெட்லைட்டின் விலை அதிகமாகத் தெரிந்தால் புதுப்பேட்டையில் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஒரிஜினலைத் தேடுங்கள். பெயர் தெரியாத மலிவு ஹெட்லைட்டைவிட அது மேல், மலிவானதில் வெளிச்சம் கோடு பிடிக்காமல் சிதறும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஹெட்லைட் எந்த வண்டிக்கு வாங்கினாலும், வெளிச்சத்தின் வெட்டுக்கோடு (லோ பீமில் வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோடு) இடப்பக்கம் ஏறுகிறதா என்று போட்டுப் பாருங்கள். வலப்பக்கம் ஏறினால் அது வலது பக்கம் ஓட்டும் நாட்டுச் சரக்கு, நம் ரோட்டில் எதிரே வருகிறவர் கண்ணுக்கு நேராகப் போகும்.

ஃபோகஸ் சரிபார்ப்பதை அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே செய்யலாம். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், பூட்டில் மூட்டை முடிச்சு வேண்டாம். சமதளத்தில் சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். லோ பீம் வெட்டுக்கோடு அந்த டேப்புக்கு 3 அங்குலம் கீழே விழுந்தால் சரி. கோடு டேப்பைத் தொட்டாலோ தாண்டினாலோ எதிரே வருகிறவர் திட்டுவார், ஒரு அடி கீழே இறங்கியிருந்தால் உங்களுக்கே ரோடு தெரியாது. ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் திருகுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிச் சரிசெய்யலாம். டேஷ்போர்டில் உயரம் மாற்றும் சக்கரம் இருந்தால் அதை சுழியத்தில் வைத்துவிட்டே இதைச் செய்யுங்கள். முட்டி மோதிப் பம்பர் மாற்றிய வண்டிகளில் இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. மங்கல் என்று நினைத்துக்கொண்டிருப்பது பல நேரம் ஃபோகஸ் கீழே விழுந்ததுதான்.

மழைக்காலத்துக்கு ஒரே ஒரு விஷயம். கழுவிய பிறகோ மழைக்குப் பிறகோ ஹெட்லைட்டுக்குள் லேசாகப் பனி படிந்து, விளக்கைப் போட்ட கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம், காற்றோட்டத் துளை வேலை செய்கிறது என்று அர்த்தம். அடியில் தண்ணீர் தேங்கி அலையடித்தால் சீல் போய்விட்டது. சிலிகான் பூசி அடைக்கிறேன் என்று அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் என்பதால் கேட்கிறேன்: 2015 வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாமிலோ உங்கள் வண்டி பம்பர் உயரத் தண்ணீரில் நின்றதா? நின்றிருந்தால், அல்லது அதற்குப் பிறகு யாரிடமாவது வாங்கிய வண்டி என்றால், மீட்டர் வைக்கும் முன்பே இரண்டு கப்ளரையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் தேய்ப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள், கப்ளரையும் அதை ஒட்டிய ஒரு சாண் வயரையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தண்ணீர் வயரின் உறைக்குள் ஏறிச் செம்பைக் கறுப்பாக்கியிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.